பலகை அலை அலையாக வருகிறதா? பிளேடைத் தீட்டும் முன் சக்கரத்தைப் பாருங்கள்

வரப்போரத்தில் தேக்கு நட்டவர்கள், மலைவேம்பும் மகாகனியும் தோப்பாக வைத்தவர்கள் இன்று தமிழ்நாட்டில் ஏராளம். கன்று தேர்வு, இடைவெளி, கவாத்து, கலைப்பு என்று இந்தப் பக்கத்தில் பல முறை பேசியிருக்கிறோம். ஆனால் இருபது ஆண்டு காத்திருந்து வளர்த்த மரத்தை அறுவையின்போது அரை மணி நேரத்தில் வீணாக்கிவிட முடியும் என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. அப்படி வீணான ஒரு தேக்கையும், அதில் நானும் தவறிய கதையையும் சொல்லி, இடம்விட்டு இடம் கொண்டுபோகும் பட்டை ரம்ப எந்திரத்தின் சக்கரங்களை எப்படிப் பராமரிப்பது என்று இந்த வாரம் பார்ப்போம்.

கஜா கற்றுத்தந்த பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தென்னையோடு தேக்கும் பலாவும் மாவும் வேரோடு கிடந்தன. ஒரே நேரத்தில் எல்லார் தோட்டத்திலும் மரம் கிடந்தால் என்ன விலை கிடைக்கும்? பல இடங்களில் விறகு விலைதான். மரத்தை லாரியில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோகும் கூலியே கட்டுப்படியாகவில்லை.

அதன் பிறகு புதுக்கோட்டை மாவட்டத்தில் எனக்குப் பழக்கமான ஓர் உழவர் குழு, இழுவை வண்டியில் பொருத்திய பட்டை ரம்ப எந்திரம் ஒன்றை உரிய அனுமதியோடு வாங்கியது. மரம் கிடக்கும் இடத்துக்கே எந்திரம் போகும். கட்டை அசையாமல் படுத்திருக்க, எஞ்ஜினும் இரண்டு சக்கரங்களும் கொண்ட அறுவைத் தலை தண்டவாளம் போன்ற சட்டத்தின் மேல் நகர்ந்து பலகையைச் சீவி எடுக்கும். குழுவில் இருந்த ஓர் இளைஞர் அதை இயக்கப் பழகினார். முதல் நான்கு மாதம் பலகைகள் கண்ணாடிபோல வந்தன.

பிறகு பலகை அலையத் தொடங்கியது. பிளேடைத் தீட்டினார்கள். இரண்டு அறுவை நன்றாக வரும். மூன்றாவதில் பிளேடு கீழே இறங்கும். தீட்டுபவர் சரியில்லை என்று ஆளை மாற்றினார்கள். புதுப் பிளேடு வாங்கினார்கள். அதுவும் ஒரு வாரத்தில் விரிசல் விட்டு அறுந்தது. கடைசியில் பழி அந்த இளைஞர் தலையில் விழுந்தது. "அவன் அவசரப்பட்டுத் தள்ளுறான்" என்றார்கள். அவர் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் உறுப்பினர் ஒருவரின் 22 வயதுத் தேக்கு அறுக்கப்பட்டது. மகள் கட்டும் வீட்டுக்குக் கதவுக்கென்று வைத்திருந்த மரம். ஒரே பலகையில் ஓரிடம் 27 மி.மீ., இன்னோரிடம் 22 மி.மீ. தச்சர் பார்த்துவிட்டுக் கதவுக்கு ஆகாது என்றார். என்னை அழைத்தார்கள். பலகைகளைப் பார்த்துவிட்டு நான் சொன்ன விளக்கம் இது: "காற்றில் சாய்ந்து வளர்ந்த மரத்துக்குள் இழுவிசை இருக்கும். அறுத்ததும் அது விடுபடுவதால் பலகை நெளிகிறது." உழவியலில் முனைவர் பட்டம் பெற்றவன் சொன்னதால் எல்லாரும் தலையாட்டினார்கள். அதன்பிறகு மேலும் இரண்டு தேக்குக் கட்டைகளை அறுத்தார்கள். அவையும் அதே கதிதான்.

மூன்றாம் நாள், பக்கத்து ஊரில் நெல் அரவை மில்லுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். எஞ்ஜினை நிறுத்தி, மூடியைத் திறந்து, சக்கரத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். "சார், எல்லாரும் பிளேடையே பாக்குறீங்க. அது ஓடுற ரோட்டை யாராவது பாத்தீங்களா?" என்றார். சக்கரத்தின் மேலிருந்த ரப்பர் பெல்ட் தேய்ந்து இரும்பு விளிம்போடு சமமாகியிருந்தது. பள்ளத்தில் மரத்தூளும் பிசினும் கல்போல இறுகியிருந்தன. பிளேடு ரப்பரில் ஓடவில்லை, இரும்பில் ஓடிக்கொண்டிருந்தது. இளைஞரைப் பார்த்து, "தம்பி, ஒன் மேல தப்பு இல்ல" என்று மட்டும் சொன்னார். சில நூறு ரூபாய் பெல்ட். அதற்காக நாங்கள் இழந்தது மூன்று தேக்குக் கட்டைகள்.

டயர் என்றால் எந்த டயர்?

இந்த எந்திரத்தில் இரண்டு வகைச் சக்கரங்கள் உண்டு. சாலையில் இழுத்துச் செல்ல உதவும் வண்டிச் சக்கரம் ஒன்று. அதைப் பிறகு பார்ப்போம். முக்கியமானவை அறுவைத் தலைக்குள் இருக்கும் பிளேடுச் சக்கரங்கள். எஞ்ஜின் சுழற்றுவது ஓட்டும் சக்கரம்; மறுமுனையில் இருப்பது உடன் சுழலும் சக்கரம். இந்த இரண்டின் மேலும் வளையமாக ஓடுகிறது பட்டைப் பிளேடு.

சக்கரத்தின் விளிம்பில் ரப்பர் உறை இருக்கும். இதைத்தான் டயர் என்கிறோம். பல எந்திரங்களில் பள்ளம் வெட்டிய சக்கரத்தில் சாதாரண வி-பெல்ட்டே டயராகப் பொருத்தப்பட்டிருக்கும். சில சிறிய மாதிரிகளில் எஞ்ஜினிலிருந்து வரும் பெல்ட்டே ஓட்டும் சக்கரத்தின் டயராகவும் வேலை செய்யும். இன்னும் சிலவற்றில் யூரித்தேன் வளையம் இருக்கும். உங்கள் எந்திரத்தில் எது என்று மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்து வையுங்கள்.

இந்த டயர் என்ன செய்கிறது? முதலாவதாக, பிளேடு வழுக்காமல் பிடித்துச் சுழற்றுகிறது. இரண்டாவதாக, அதிர்வை வாங்கிக்கொள்கிறது. மூன்றாவதாக, நடுவில் சற்றே மேடாக இருப்பதால் பிளேடு முன்னும் பின்னும் அலையாமல் தன் தடத்திலேயே ஓட உதவுகிறது. நான்காவதாக, பல்லைக் காப்பாற்றுகிறது. ரம்பப் பற்கள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சற்றே வளைக்கப்பட்டிருக்கும். இதைச் செட்டு என்பார்கள். டயர் தேய்ந்து பிளேடு பின்னுக்கு நகர்ந்தால், உள்பக்கம் வளைந்த பற்கள் இரும்பு விளிம்பில் உரசி மடங்கும். ஒருபக்கச் செட்டு குறைந்த பிளேடு, செட்டு மிகுந்த பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இந்த எந்திரத்தில் பிளேடின் கீழ்ப்பகுதிதான் மரத்தை அறுக்கிறது. அங்கே உள்பக்கம் என்பது மேல்பக்கம். ஆகவே பிளேடு கீழ்நோக்கி இறங்கும். எங்கள் தேக்கில் நடந்தது இதுதான். எத்தனை முறை தீட்டினாலும் இரண்டே அறுவையில் அதே பற்கள் மறுபடி மடங்கிக்கொண்டிருந்தன.

பிளேடு அறுந்ததற்கும் காரணம் இதுவே. 48 செ.மீ. விட்டமுள்ள சக்கரம், 4 மீட்டர் நீளப் பிளேடு, விநாடிக்கு 25 மீட்டர் வேகம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பிளேடின் ஒவ்வோர் இடமும் ஒரு சுற்றில் இரண்டு முறை வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 45 ஆயிரம் முறை! அதில் ஒவ்வொரு முறையும் இறுகிய பிசின் கட்டி மேல் ஏறி இறங்கினால் எந்த எஃகு தாங்கும்?

9 பலகையா, 11 பலகையா?

பட்டை ரம்பம் வாங்குவதன் முக்கிய ஆதாயமே தூளாகப் போகும் மரம் குறைவு என்பதுதான். 300 மி.மீ. உயரமுள்ள சதுரக் கட்டையிலிருந்து 25 மி.மீ. பலகை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அறுவைக்கும் 6 மி.மீ. தின்னும் வட்ட ரம்பத்தில் 9 பலகை கிடைக்கும். 2 மி.மீ. மட்டும் தின்னும் பட்டை ரம்பத்தில் 11 பலகை கிடைக்கும்.

ஆனால் பலகை அலைந்து வந்தால்? இழைத்துச் சமப்படுத்துவதற்காக 30 மி.மீ. கனத்தில் அறுக்க வேண்டியிருக்கும். இப்போது கணக்குப் போடுங்கள்: மறுபடியும் 9 பலகைதான். தேய்ந்த ஒரு பெல்ட், எந்திரம் வாங்கியதன் ஆதாயம் முழுவதையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

மரத்தின் குறையா, எந்திரத்தின் குறையா?

நான் தவறியது இந்த இடத்தில்தான். சாய்ந்து வளர்ந்த மரத்தில் உள் இழுவிசை இருப்பது உண்மை. ஆனால் அந்தக் குறையையும் எந்திரக் குறையையும் பிரித்தறிவது எளிது. அறுத்த பலகையின் கனத்தை இரண்டு விளிம்பிலும் மூன்று மூன்று இடமாக, மொத்தம் ஆறு இடத்தில் அளந்து பாருங்கள். கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்து, பலகை மட்டும் வில்லாக வளைந்திருந்தால் அது மரத்தின் இயல்பு. கனம் இடத்துக்கு இடம் மாறினால் குறை எந்திரத்தில் இருக்கிறது. அளவுகோலை எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

எந்திரக் குறையிலும் வேறுபாடு உண்டு. கணு வரும் இடத்தில் மட்டும் பிளேடு ஏறி இறங்கினால் பெரும்பாலும் பல் மழுங்கியிருக்கும். நீளமான அலையாக வந்தால் பிளேடின் இழுவிசை குறைவா, செட்டு சமமாக இருக்கிறதா, டயர் தேய்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பலகை முகத்தில் நெருக்கமாக வரிவரியாக விழுந்தால் சக்கரத்தில் ஒட்டிய தூள் கட்டி, பெல்ட்டில் உள்ள மேடு, பேரிங் ஆட்டம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பிளேடின் முதுகுப்பக்கம் விரிசல் விட்டால், அது வழிகாட்டி உருளையின் விளிம்பில் இடித்துக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். பல்லுக்கு அடியில் உள்ள குழியில் விரிசல் தொடங்கினால், மழுங்கிய பல்லோடு நெடுநேரம் ஓட்டியதோ மிகை இழுவிசையோ காரணமாக இருக்கலாம்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

இங்கே சொல்லும் எந்த வேலையைத் தொடங்கும் முன்னும் எஞ்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி விடுங்கள். பேட்டரி உள்ள எந்திரமானால் பேட்டரி இணைப்பையும், மின்மோட்டார் என்றால் மெயின் சுவிட்சையும் துண்டியுங்கள். கைக்குத் தடித்த தோல் உறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

காலையில் பிளேடை மாட்டும் முன் மூடியைத் திறந்து இரண்டு சக்கரங்களின் டயரையும் கட்டைவிரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேடு, வெடிப்பு, நூல் பிரிதல், எண்ணெய்ப் பிசுக்கு ஏதும் இருக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் தூளை மரச் சீவுளியால் சுரண்டி, பிரஷால் துடைத்தெடுங்கள். கூர்மையான இரும்பு ரப்பரைக் கீறிவிடும். மூடியின் அடியில் குவிந்த தூளையும் வழித்தெடுங்கள். அது திரும்பத் திரும்பச் சக்கரத்துக்கும் பிளேடுக்கும் நடுவே போய்ச் சிக்கும்.

பிளேடு மாட்டிய பிறகு, அதற்கும் இரும்பு விளிம்புக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நான் வைத்திருக்கும் எளிய அளவு இதுதான்: ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் கனமாவது இடைவெளி இருக்க வேண்டும். நாணயம் நுழையவில்லை என்றால் பெல்ட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது.

பிளேடு சக்கரத்தில் எங்கே ஓடுகிறது என்பதும் முக்கியம். 32 மி.மீ. அகலப் பிளேடுக்குப் பல்லின் அடிக்குழி சக்கரத்தின் முன் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 3 மி.மீ. வெளியே இருப்பது பொதுவான அளவு. 38 மி.மீ. பிளேடுக்கு 4.5 மி.மீ. வரை இருக்கலாம். உங்கள் எந்திரத்தின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். முதலில் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றித் தடத்தைப் பாருங்கள். பிறகு மூடியைப் பூட்டி, எஞ்ஜினைச் சில விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி திறந்து பாருங்கள். மூடி திறந்திருக்கும்போது ஒருபோதும் எஞ்ஜினை ஓட்டாதீர்கள்.

மாலையில் வேலை முடிந்ததும் பிளேடின் இழுவிசையைத் தளர்த்தி விடுங்கள். இதைச் செய்யாமல் போவதுதான் பலரும் செய்யும் தவறு. இறுக்கமாகவே விட்டால் ஒரே இடத்தில் அழுத்தம் பட்டு டயரில் தட்டையான பள்ளம் விழும். பேரிங்கும் பிளேடும் வீணாக நசுங்கும். மறுநாள் வருபவருக்குத் தெரியும்படி, "தளர்த்தப்பட்டது" என்று ஓர் அட்டையைக் கைப்பிடியில் மாட்டிவிடும் பழக்கத்தை அந்தக் குழுவினர் இப்போது கடைப்பிடிக்கிறார்கள்.

ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை

வி-பெல்ட் டயராக உள்ள எந்திரங்களில் ஓட்டும் சக்கரத்தின் பெல்ட்தான் விரைவில் தேயும். சுழற்றும் வேலை முழுவதும் அதன் மேல் விழுகிறது. எனவே இரண்டு சக்கரத்திலும் ஒரே அளவு பெல்ட் இருந்தால், 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள். இரண்டும் சமமாகத் தேயும், ஆயுள் கூடும். எந்திரத்தில் மணிக் கணக்குக் காட்டும் கருவி இல்லையென்றால் ஒரு நோட்டில் தேதியும் ஓடிய நேரமும் குறித்து வாருங்கள். மாட்டுக்குத் தடுப்பூசி போட்ட தேதியைக் குறித்து வைப்பதைப் போலத்தான் இதுவும்.

பெல்ட் வாங்கும்போது பழைய பெல்ட்டின் மேல் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 'பி-57' என்று இருந்தால் 'பி' என்பது குறுக்களவு வகை. 57 என்பது உள்சுற்றளவு, அங்குலக் கணக்கில். மோட்டார் பம்பு கடையிலேயே கிடைக்கும். ஆனால் விலை குறைவென்று தரமில்லாத பெல்ட்டை வாங்காதீர்கள். தண்ணீர் இறைக்கும் பம்புக்கு ஓரிடத்தில் கனம் கொஞ்சம் கூடினால் பெரிய குறை இல்லை. பிளேடுக்கு அந்த மேடு விநாடிக்குப் பதினாறு முறை விழும் அடி. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே நிறுவனத்தின் பெல்ட்டாக, சோடியாக வாங்குங்கள்.

பெல்ட்டை மாற்றும் முறை

பிளேடைக் கழற்றுங்கள். இழுவிசை விடுபட்டதும் அது பாம்புபோலத் துள்ளும். முகத்தை விலக்கி, இரண்டு கையாலும் பிடியுங்கள். பழைய பெல்ட்டை மழுங்கிய நெம்புகோலால் மெல்ல நெம்பி எடுங்கள். சக்கரத்தின் பள்ளத்தில் இறுகிய தூளையும் துருவையும் கம்பிப் பிரஷால் முற்றிலும் நீக்குங்கள். பள்ளத்தில் துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது. விளிம்பில் வெடிப்போ பிசிறோ உள்ளதா என்று அப்போதே பாருங்கள். பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்து விடலாம். வெடிப்பு இருந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து.

புதுப் பெல்ட்டை அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் இளகும். பள்ளத்தில் ஒரு முனையிலிருந்து தொடங்கி, முறுக்கில்லாமல் சுற்றிலும் சமமாக உட்காரும்படி ஏற்றுங்கள். யூரித்தேன் வளையமானால் கை பொறுக்காத வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்து, சூடு ஆறுவதற்குள் இரண்டு பேராக இழுத்து மாட்ட வேண்டும். எஞ்ஜின் பெல்ட்டே டயராக உள்ள மாதிரிகளில் முதலில் எஞ்ஜின் பக்க இறுக்கத்தைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

மாட்டியதும் ஒரு சோதனை. அசையாத சட்டத்தில் ஓர் ஆணியைக் கட்டி, அதன் நுனி பெல்ட்டின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஆணிக்கும் பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் உரசி, இன்னோரிடத்தில் விலகினால் பெல்ட் சரியாக உட்காரவில்லை. அல்லது அடியில் தூள் இருக்கிறது. புதுப் பெல்ட் முதல் ஒரு மணி நேரத்தில் சூடாகிச் சற்று அமரும். எனவே நிறுத்திவிட்டு, இழுவிசையையும் தடத்தையும் மறுபடி சரிபார்த்த பிறகே நல்ல கட்டையை ஏற்றுங்கள். முதல் கட்டை விலை குறைந்த மரமாக இருக்கட்டும்.

பேரிங்கும் நேர்கோடும்

டயர் புதிதாக இருந்தும் குறை தொடர்ந்தால் பேரிங்கைப் பாருங்கள். பிளேடு இல்லாத நிலையில் சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து முன்பின் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. சுற்றிவிட்டால் சலசலப்பு இல்லாமல் ஓட வேண்டும். வேலை முடிந்து எஞ்ஜினை நிறுத்தியதும் பேரிங் கூட்டைத் தொட முடியாத அளவு சுட்டால் அதன் காலம் முடிகிறது. இருபுறமும் மூடிய பேரிங்குக்குக் கிரீஸ் தேவையில்லை. நிப்பிள் உள்ளவற்றுக்கு ஓரிரு அழுத்து போதும். நிறைய அடித்தால் சீல் பிதுங்கி, கிரீஸ் பெல்ட்டில் தெறிக்கும், பிளேடு வழுக்கும். அழுத்தமான நீர்ப்பீச்சலால் பேரிங் பக்கம் கழுவவே கூடாது.

இரண்டு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நீண்ட மட்டக்கோலையோ இறுக்கமான நூலையோ வைத்துப் பார்க்கலாம். பிளேடை மாட்டி, இழுவிசை கொடுத்த நிலையில் இதைச் செய்யுங்கள். தளர்ந்த நிலையில் தண்டு நிற்கும் கோணம் வேறாக இருக்கும். வழிகாட்டி உருளைகளின் விளிம்புக்கும் பிளேடின் முதுகுக்கும் நடுவே 1.5 முதல் 3 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம்.

தண்ணீர், டீசல், பிசின்

பலா, மா போன்றவற்றில் பாலும் பிசினும் ஒட்டும். தேக்கில் உள்ள மணற்சத்து பல்லை விரைவில் மழுங்கடிக்கும். பிளேடில் சொட்டும் தண்ணீர் பிசினைக் கழுவவே வைக்கப்பட்டது. சொட்டுச் சொட்டாக விழுந்தால் போதும். குழாயைத் திறந்துவிட்டால் தூளும் நீரும் சேர்ந்து சேறாகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். பிசின் மிகுந்த மரத்துக்குத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலக்கலாம். சிலர் டீசலைத் தடவுகிறார்கள். டீசல் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். கீழே சிந்தினால் மண்ணுக்கும் கேடு. தவிர்ப்பது நல்லது.

சாலைச் சக்கரங்கள்

வண்டியின் டயர்களையும் மறக்க வேண்டாம். அறுக்கும்போது எந்திரம் ரப்பர் டயர்களில் நிற்கக் கூடாது. தாங்கு கால்களை இறக்கி, அடியில் பலகை வைத்து, மட்டம் பார்த்து நிறுத்துங்கள். டயர் அமுங்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். பலகையின் கனம் மாறும். இழுத்துச் செல்லும் முன் காற்றழுத்தத்தையும் சக்கர நட்டுகளையும் சரிபாருங்கள். மாதக்கணக்கில் வேலையில்லை என்றால் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தி, டயர்களை வெயில் படாமல் மூடி வையுங்கள். சித்திரை வெயில் சாலை டயரையும் பிளேடுச் சக்கரப் பெல்ட்டையும் ஒரே மாதிரிதான் வெடிக்க வைக்கும். கொட்டகை போட முடியாவிட்டால் தார்ப்பாயாவது போடுங்கள்.

உரிமம் பற்றி ஒரு சொல்

1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்த பிறகு மர அறுவை எந்திரங்கள் மீதான கட்டுப்பாடுகள் இறுகின. சிறிய எந்திரம்தானே, சொந்த மரம்தானே என்று எண்ணாமல், வாங்கும் முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு, தேவையான உரிமத்தைப் பெறுங்கள். தேக்கு, சந்தனம், ஈட்டி போன்ற மரங்களை வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் உள்ள விதிகளையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

இனி என்ன?

பெல்ட் மாற்றிய மறுநாள் அந்த விவசாயியின் மிச்சமிருந்த ஒரே தேக்குக் கட்டையை ஏற்றினோம். இளைஞர்தான் எந்திரத்தை ஓட்டினார். முதல் பலகையை ஆறு இடத்தில் அளந்தேன். எல்லாம் 25 மி.மீ. அந்தக் கட்டையில் வாசல் கதவுக்கு மட்டும் மரம் தேறியது. அறைக் கதவுகளுக்கு வேறு மரம் வாங்கினார்கள். அலைந்த பலகைகள் ரீப்பராகவும் மாட்டுக்கொட்டகைச் சட்டமாகவும் போயின. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொன்ன விளக்கம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

உங்களிடமோ உங்கள் குழுவிடமோ இந்த எந்திரம் இருந்தால், நாளைக் காலை எஞ்ஜினைக் கிளப்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிளக் ஒயரைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்து, கட்டைவிரலால் சக்கரத்தைத் தடவுங்கள். பிளேடை மாட்டிய பின் ஒரு நாணயத்தை வைத்துப் பாருங்கள். வாடகைக்கு எந்திரம் கொண்டுவருபவரானாலும் உங்கள் மரத்தை ஏற்றும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள். பெல்ட்டைக் கடையில் எந்த நாளும் வாங்கிக்கொள்ளலாம். வீணான தேக்குக்கு மாற்றாக இன்னொன்று வளர்க்க மறுபடி இருபது ஆண்டு ஆகும்.